கை பொறுக்கும் சூடு

ஐயா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. காலையில்தான் போனில் கேட்டேன். நீயும் "நல்லாருக்கேம்மா, சாப்ட்டேம்மா, சரிம்மா" என்று அடுக்கிவிட்டு வைத்துவிட்டாய். உன்னிடம் போனில் பேசுவது ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற கதைதான். கம்பியைப் பிடிப்பதற்குள் வண்டி போய்விடும். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் "சரிம்மா" சொல்லி நிறுத்த முடியாது பார். கோமதி ஆடிக்குக் கடையத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீ ஓசூரில் தனியாகத் தோசையைக் கருக்கிக்கொண்டிருப்பாய். புது மாப்பிள்ளைக்கு ஆடி மாதத்தில் நேரத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து படி. உன் அப்பா எட்டிப் பார்த்து, "ஏட்டி, என்ன, பத்திரமா எழுதுத?" என்று கேட்டுவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்டார். ரிட்டயர் ஆன போலீஸ்காரர் தூக்கத்தை யாரும் கலைக்க முடியாது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. எனக்கும் வேறு வேலை இல்லை.

கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அந்தச் சந்தடியில் உன்னிடம் சொல்ல நினைத்த ஒன்றையும் சொல்லவில்லை. தென்காசி ஸ்டேஷனில் ரயில் நகரும்போதுகூட "தண்ணி பாட்டில் எடுத்தியா" என்றுதான் கேட்டேன். அதற்கு முந்திய ஒன்றரை வருஷம் நான் பட்ட பயத்தை உனக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். இப்போது பயம் போய்விட்டது. போன பிறகுதான் அதைப் பற்றிப் பேச வாய் வருகிறது. பல்வலி இருக்கும்போது யாராவது பல்வலியைப் பற்றிப் பேசுவார்களா?

அந்த விபத்தை நாம் வீட்டில் பேசுவதே இல்லை. புளியரை மலைப்பாதையில் லாரிக்கு ஒதுங்கப்போய் பைக்கோடு சுவரில் சாய்ந்தாய். ஹேண்டிலுக்கும் கல்லுக்கும் நடுவில் உன் வலதுகை மாட்டிக்கொண்டது. திருநெல்வேலியில் நரம்பைத் தைத்தார்கள், எலும்பைச் சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று ஊரே வந்து சொல்லிவிட்டுப் போனது. ஆனால் கட்டுப் பிரித்தபோது உன் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. எதையோ ஒளித்துவைத்த பிள்ளையின் கை மாதிரி இருந்தது. டம்ளரைப் பிடிக்க வரவில்லை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. நீ எப்போதும் தோளில் ஒரு துண்டைப் போட்டு அதற்குள் கையை மறைத்துக்கொண்டாய். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாய். பந்தியில் உட்கார்ந்து இடதுகையால் சாப்பிட வேண்டுமே என்ற கூச்சம். எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். எனக்கு எல்லாம் தெரியும்.

கோமதியோடு நிச்சயம் ஆனது விபத்துக்கு முன்னால். அது உனக்கு அப்போது பெரிய நெருக்கடியாகிவிட்டது. கல்யாணத்தை ஒரு தடவை தள்ளினோம், அப்புறம் இன்னொரு தடவை. நம் பக்கம் வழக்கம் என்ன? மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவான். மிச்சத்தை நாத்தனார்க்காரி பின்னால் நின்று போட்டுவிடுவாள். முதல் முடிச்சையும் உன் அக்காவே தொட்டுச் சேர்த்துப் போட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இதைத்தான் எல்லாரும் உனக்குச் சொன்னோம். நீ கேட்டாயா? "எவ முடிச்சும் எனக்கு வேண்டாம். மூணையும் போட என் கைக்குத் தெம்பு இருந்தா கல்யாணம். இல்லேன்னா மணவறையிலயே எந்திரிச்சிருவேன், சொல்லிட்டேன்" என்றாய். உன் அக்கா அழுதுகொண்டே தென்காசி பஸ் ஏறாத குறையாகக் கிளம்பினாள். பிறகு நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். கோமதி என்னிடம் போனில் சொன்னது உனக்குத் தெரியுமோ என்னவோ. "அத்தை, முடிச்ச யாரு போட்டா என்ன, கழுத்து எனக்குத்தான. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். அந்தப் பெண்ணை அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போனது. நிச்சயத்தன்று பிடிக்கவில்லையா என்று கேட்காதே. அன்று சேலையைத்தான் பார்த்தேன்.

அவள் அப்பா ஒருநாள் நேரில் வந்தார். மனுஷன் காப்பியைக்கூடத் தொடவில்லை. "மதினி, நான் தப்பாச் சொல்லுதேன்னு நெனைக்காதிய. எம்பொண்ணு காத்துக் கெடக்கா, சரி. எளையவளுக்கும் எடம் வருது. மூத்தவளை வச்சுக்கிட்டு எளையவளுக்கு எப்படிச் செய்ய? இந்த ஆனியில ஒரு முடிவு சொல்லிருங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் பெண்ணைப் பெற்றவள்தானே. ஆனி என்று ஒத்துக்கொண்டேன். அவர் போனதும் சமையலறைக்குள் போய், கொதிக்கிற தண்ணீரில் கழுவின பாத்திரத்தையே மறுபடி போட்டு எடுத்தேன். எனக்குக் கவலை வந்தால் கை அதைத்தான் செய்யும்.

என் வெந்நீர்ப் பைத்தியம் ஊர் அறிந்தது. சத்துணவுக் கூடத்தில் பேருக்கு நான் அமைப்பாளர். சமையலுக்கு ஆள் போடவே இல்லை, அதனால் அடுப்படியிலும் நானே நின்றேன். பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று அண்டா, கரண்டி, தட்டு எல்லாவற்றையும் கொதிநீரில் அலசாமல் விட்டதில்லை. அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உன் அப்பாவின் பல்செட்டை ஒரு தடவை சுத்தம் பண்ணுகிறேன் என்று கொதிநீரில் போட்டேன். அது வளைந்துபோய், மனிதர் புதுப் பல்செட் வரும்வரை ரசஞ்சாதத்தைக் கரைத்துக் குடித்தார். "ஸ்டேஷன்ல எத்தனை ரவுடியப் பாத்திருக்கேன், உன்ன மாதிரி ஒருத்தனயும் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே குடித்தார். அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும்.

திருநெல்வேலி டாக்டர்தான் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். மடங்கின கைகளுக்கு அங்கே புதிதாக ஒன்று செய்து பார்க்கிறார்கள் என்றார். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு செங்கோட்டையில் ரயில் ஏறிப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு வந்தேன். குகை வரும்போதெல்லாம் பெட்டி இருட்டிவிடும். அந்த இருட்டில் நீ அவசர அவசரமாக இடதுகையால் அள்ளிச் சாப்பிட்டாய். வெளிச்சம் வந்ததும் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாய். நானும் வேறு பக்கம் பார்த்தேன். எத்தனையோ குகை வந்தும் உன் சாப்பாடு முடியவில்லை.

அங்கே லிஜி என்று ஒரு மலையாளப் பெண், கைப்பயிற்சி கொடுக்கிறவள், நம்மை உட்காரவைத்து விளக்கினாள். உன் கையைச் சுற்றிச் சுற்றி ஒரு கேமராவைக் காட்டி அளவெடுத்தாள். பக்கத்து அறையில் ஒரு மெஷின், முறுக்கு உழக்கில் மாவு இறங்குகிற மாதிரி, பிளாஸ்டிக்கை உருக்கி நூல் நூலாக வரி மேல் வரி இழைத்துக்கொண்டிருந்தது. இதை அச்சடிப்பது என்று சொல்லுகிறார்கள். அதில் வந்ததுதான் உன் கைப்பட்டை. விரல்களை நேராக நீட்டின கை எப்படி இருக்குமோ அந்த வடிவத்தில் அச்சாகி வந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இது நீட்டின கைக்குல்லா சரியாருக்கும்? எம்மவன் கை மடங்கில்லா இருக்கு?" என்று கேட்டேன்.

லிஜி சிரித்தாள். "அம்மா, இங்க நோக்குங்க" என்று பட்டையைச் சுடுநீரில் முக்கி எடுத்தாள். அது துவண்டது. உன் மடங்கின கை இருக்கிறபடிக்கே அதை வளைத்துப் பச்சைத் தண்ணீரில் காட்டினாள். வளைந்தபடியே இறுகிவிட்டது. "இப்ப இது உங்க மகன் கை போலத்தான இருக்கு. ஆனா இதுக்குத் தான் பொறந்த உருவம் மறக்காது. கையில கட்டினா உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல அந்த உருவத்துக்குப் போகப் பார்க்கும். போகும்போது விரலையும் கூட்டிட்டுப் போகும்" என்றாள். இதே வித்தையை வைத்து வேறென்னவெல்லாமோ செய்யப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னாள். ரத்தக்குழாய்க்குள் சுருட்டி அனுப்பி உள்ளே போய் விரிகிற வலை, பிறந்த பிள்ளையின் மூச்சுக்குழாயைத் தாங்கிப் பிள்ளை வளர வளரத் தானும் அகன்று கொடுக்கிற வளையம், இப்படி. உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொருளு சொன்ன சொல்ல ஞாபகம் வச்சிக்கிடுது. மனுசப்பய மறந்துருதான்" என்றார். லிஜிக்கு அது புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினாள்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: சுடுநீர் ஆகாது, வெயிலில் வண்டி மேல் வைக்கக் கூடாது, அழுக்கானால் பச்சைத் தண்ணீரும் சோப்பும் போதும். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். மனதுக்குள், 'பச்சைத் தண்ணியில எந்த அழுக்கு போயிருக்கு' என்று நினைத்தேன். அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

மாதங்கள் போயின. நீ பட்டையைக் கழற்றவே மாட்டாய். பயிற்சிக்குக் கழற்றச் சொன்ன நேரத்தில்கூட அதோடு சேர்த்தே விரலை ஆட்டிவிட்டு முடித்துக்கொள்வாய். கழற்றினால் கை பழையபடி சுருண்டுவிடுமோ என்று உனக்குப் பயம். கல்யாண வேலையில் கடைசி முறை ஆஸ்பத்திரிக்குப் போவதையும் தள்ளிப்போட்டாய். வேலை ஒரு சாக்குதான். அங்கே போய், "இவ்வளவுதான், இதுக்கு மேல வராது" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாய். நானும் வற்புறுத்தவில்லை, எனக்கும் அதே பயம். ஆனி பிறந்தது, பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. உன் கை இன்னும் அந்தப் பட்டைக்குள்தான். கல்யாணத்துக்கு நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்னதைச் செய்கிற பிள்ளை. மணவறையில் எழுந்துவிடுவேன் என்றால் எழுந்துவிடுவாய். அந்தப் பெண் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும்போது நீ எழுந்து போவதை நினைத்து நினைத்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் மாமா வந்தான். என் தம்பிதான், ஆனால் அவன் யோசனைக்கு நான் பொறுப்பில்லை. "கல்யாண மாப்பிள்ளய எண்ணெ தேச்சு அருவியில நிப்பாட்டாம மணவறையில ஏத்துனா ஊரு சிரிக்கும்லா" என்று உன்னைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். சாரல் தொடங்கி அருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்க்கிறவர் பலகையில் உன்னைக் கிடத்தி அடி அடி என்று அடித்திருக்கிறார். பட்டையைக் கழற்றினதும் நீ கையைப் பார்க்கப் பயந்து துண்டுக்குள் மூடிக்கொண்டாயாம். கழற்றின பட்டையை உன் மாமா பத்திரமாக வைக்கிறேன் என்று எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கப்போய், கிண்ணம் அதன் மேலேயே கவிழ்ந்துவிட்டது. நீ வீட்டுக்கு வந்து பட்டையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு அலுப்பில் தூங்கிப்போனாய். நான் துணியைப் பிரித்தால் மூலிகை எண்ணெய் வாடை கூரையைத் தூக்குகிறது. நாளைக்குச் சம்பந்திகள் முன்னால் பட்டுச் சட்டைக்குள் இந்தப் பிசுக்கோடா உட்காருவாய்?

பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டேன். போகவில்லை. மறுபடி போட்டேன். வழவழப்பு அப்படியே இருக்கிறது. பின்கட்டில் விருந்தாளிகள் குளிக்க அண்டாவில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. சுடுநீர்தானே ஆகாது, வெதுவெதுப்பாக இருந்தால் என்ன என்று ஒரு வாளியில் மொண்டு விளாவினேன். கையை விட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடு. சந்தோஷமாகப் பட்டையைப் போட்டேன்.

யாருடைய கை பொறுக்கும் சூடு? கொதிக்கிற அண்டாவின் விளிம்பைத் துணி இல்லாமல் பிடித்து இறக்கிப் பழகின என் கை. மற்றவர்கள் கை வைத்தால் அலறுகிற தண்ணீர் எனக்கு வெதுவெதுப்பு. உன் அக்கா சின்ன வயதில் குளிக்க மாட்டேன் என்று ஓடினது சோம்பேறித்தனத்தால் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வாளிக்குள் பட்டை அசைந்தது. இன்னும் மிச்சம் மடங்கி இருந்த ஒவ்வொரு விரல்தடமும் மெல்ல நிமிர்ந்தது. நான் கையை விட்டுப் பிடிப்பதற்குள் அது முழுக்க நீண்டு, மெஷினிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தபடி படுத்துக்கொண்டது. திரும்ப வளைக்கப் பார்த்தேன். என் அவசரத்துக்கு அது வளையவா செய்யும்? அதற்குள் ஆறி இறுகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பந்தல்காரர்கள் ஏணியோடு ஓடிவந்தார்கள்.

உன் அப்பா வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பல்செட்டு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். உன் அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீ தூக்கக் கலக்கத்தோடு, கையைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்து நின்றாய். நீ திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முகம் செத்துப்போய், "சரி விடும்மா. கடையத்துக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க" என்றாய். என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது அந்த நிமிஷத்தில்தான். விபத்துச் செய்தி வந்தபோதுகூட அவ்வளவு இல்லை. அது லாரி செய்தது. இது நான் செய்தது.

லிஜிக்குப் போன் போட்டது உன் அக்கா. அவள்தான் உன்னை விட்டுக்கொடுக்காதவள், நீ எத்தனை முடிச்சு வேண்டாம் என்று சொன்னாலும். நான் போனை வாங்கி அழுதேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. லிஜி பொறுமையாகக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, "அம்மா, அப்ப பட்டை கையில இருந்ததா?" இல்லை என்றேன். "ஈசுவரா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். கையில் கட்டியிருக்கும்போது அந்தச் சூடு பட்டிருந்தால் ஒரே இழுப்பில் தைத்த நரம்பையும் சேர்த்து இழுத்திருக்குமாம். மாதக்கணக்கில் மெல்லப் போக வேண்டிய தூரத்தை ஒரு நிமிஷத்தில் போயிருக்குமாம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் விடவில்லை. "சாரமில்லம்மா, பரவாயில்ல, அழாதீங்க. பட்டை இப்ப முழுசும் நீண்டுருச்சுல்லே? மகன் கைய அதுல வச்சு நோக்கச் சொல்லுங்க. பலம் போட வேண்டாம். சும்மா வைக்கட்டும்" என்றாள்.

நீ மாட்டேன் என்றாய். "அது முடிவு உருவம்மா. என் கை அங்கன எங்க போகும்" என்றாய். உன் அப்பா பழைய ஏட்டையா குரலில், "வைலே கைய" என்றார். நீ வைத்தாய்.

எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்காது ஐயா. கட்டைவிரல் தன் தடத்தில் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரல் உட்கார்ந்தது. நடுவிரல், மோதிர விரல் எல்லாம் அததற்கு உண்டான பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. சுண்டுவிரல் மட்டும் லேசாகத் தூக்கி நின்றது, உன் அக்கா கோபித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. நீ உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். போனில் லிஜி, "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் உன் அப்பா போனை வாங்கி, "எம்மா, கை வந்து சேந்துட்டு" என்றார். சொல்லிவிட்டு மனிதர் பின்கட்டுக்குப் போய்விட்டார். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. சளி என்று சொன்னார், நாங்களும் நம்பினோம்.

பட்டை இழுத்த இழுப்பிலும் நீ ஆட்டின ஆட்டலிலும் கை பட்டையையே முந்திக்கொண்டு எப்போதோ குணமாகிவிட்டது. பட்டைக்குள்ளும் துண்டுக்குள்ளும் இருந்ததால் நீ பார்க்கவில்லை. பயத்தால் நீ சோதிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வேறென்ன இருக்கிறது, இது ஒன்றுதான். குடும்பத்திலும் சில சமயம் மனம் இப்படி மடங்கிக்கொள்ளும். கோமதிக்கும் உனக்கும் வரும், வராமல் இருக்காது. அப்போது உடம்புச் சூடு போதும். பக்கத்தில் இரு, அது தானாக நிமிரும். என்னை மாதிரி வாளியில் மொண்டு ஊற்றிவிடாதே. ஆனால் நிமிர்ந்துவிட்டதா இல்லையா என்று இடையிடையே கழற்றியும் பார். மூடியே வைத்துக்கொண்டு இன்னும் ஆறவில்லை, ஆறவில்லை என்று இருந்துவிடாதே. நானும் உன் அப்பாவும் அப்படி வீணாக்கின வருஷங்கள் உண்டு. அவருக்கு இடமாற்றல் வந்தபோது நான் கூடப் போக மாட்டேன் என்று சண்டை போட்டேன். சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, முடிந்தது தெரியாமல் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தோம். அதை உனக்கு நேரில் சொல்ல வெட்கம்.

விரல் நீண்டது சரி, முடிச்சுப் போடத் தெம்பு வேண்டாமா? மஞ்சள் கயிற்றில் பழகிப் பார்க்கிறேன் என்று நீ கேட்டதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாலிக்கயிறு என்ன விளையாட்டுச் சாமானா? உன் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். மறுநாள் கொடுக்க வேண்டிய தாம்பூலப் பைகளை உன் முன்னால் குவித்து, "ஏலே, ஒவ்வொரு பை வாயையும் நூலு போட்டுக் கட்டு. சும்மா இருக்குத நேரத்துல அதச் செய்" என்றாள். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டினாய். முதலில் கட்டினதெல்லாம் அவிழ்ந்து தேங்காய் உருண்டது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் சிலர் தெருவில் தேங்காயைத் துரத்திக்கொண்டு ஓடினதை உன் மாமா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான். போகப் போக முடிச்சு நின்றது. உன் நெற்றி வேர்த்தது. ஆனால் நீ நிறுத்தவில்லை. நானும் போய் உதவவில்லை, உதவாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

மணவறையில் நடந்ததை நீயே அறிவாய். என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். கெட்டிமேளம் தொடங்கியதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. உன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முடிச்சு விழுந்தது. அட்சதையை எறிய மறந்து கைக்குள்ளேயே பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதையும் நீதான் போடுவாய் என்று நினைத்தேன். நீயோ கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்தபடி பின்னால் திரும்பி, "ஏட்டி அக்கா, இந்தா, ஒன் முடிச்சு" என்றாய். அவள் எதிர்பார்க்கவே இல்லை. உன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, கண்ணீர் மறைக்க, எங்கே போடுகிறோம் என்று தெரியாமலே போட்டாள். உன்னால் முடியும் என்று ஆன பிறகு நீ விட்டுக்கொடுத்தாயே, அதற்காக உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை. இதை நான் வேறு எப்போதும் சொல்ல மாட்டேன், அதனால் இந்த இடத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்.

நேற்று ஆடிப் பெருக்கு. கடையத்தில் கோமதிக்குத் தாலி பிரித்துக் கோர்த்தோம். ஆண்கள் எட்டிப் பார்க்காத சடங்கு, அதனால் இது உனக்குத் தெரிய வேறு வழியில்லை. புதுக் கயிற்றைக் கழுத்தில் போட்டுவிட்டுப் பழைய மஞ்சள் கயிற்றை அவிழ்க்க வேண்டும். கத்தரி வைக்கக் கூடாது. அவள் பெரியம்மா விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கினாள். உன் அக்கா போட்ட முடிச்சு தொட்டவுடன் அவிழ்ந்துவிட்டது. எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்தது உன்னுடையது. பெரியம்மா நகத்தால் நெம்பினாள். நகரவில்லை. சித்தி வந்தாள், ஊசியை வைத்து நோண்டினாள். நகரவில்லை. இன்னொருத்தி பல்லால் கடித்துப் பார்த்தாள். கோமதி குனிந்த தலை நிமிராமல் கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது. அழுகிறாளோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா அலுத்துப்போய் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன மதினி, இப்படியா இறுக்கிக் கட்டுவான்? ஒங்க மவனுக்குக் கையா, இல்ல இரும்பா? அவுக்கவே முடியலியே" என்றாள்.

நான் சம்மணம் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "மெதுவாவே அவுழுங்க மதினி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

உன் அம்மா